வலிமையும் அமானத்தும்



படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் வேலை கேட்டுக் கடைப்படி ஏறுகிறார். "முன் அனுபவம் உண்டா?" என்கிறார் முதலாளி. "இல்லை" என்றதும், "எங்காவது பழகிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். அடுத்த கடையிலும் அதே கேள்வி, அதே பதில். எல்லோரும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பழகுவார்? இமாம் தேடும் ஜமாஅத்தினரும் இதையேதான் கேட்கின்றனர். ஸனது பெற்ற புதிதில் நாமும் இந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்து நின்றதுண்டு. ஊழியரிடம் மார்க்கம் எதைப் பார்க்கச் சொல்கிறது என்று சற்றுச் சிந்திப்போம்.

ஹழ்ரத் மூஸா (அலை) அவர்கள் மத்யன் வந்த வரலாற்றைத் திருக்குர்ஆனின் 28-வது அத்தியாயமான சூரத்துல் கஸஸ் கூறுகிறது. ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர்கள், உயிருக்கு அஞ்சி, அறிமுகமில்லாத ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். நீர்த்துறையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை, நிழலில் போய் நின்று தம் ரப்பிடமே கையேந்தினார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர், அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தம் தந்தையிடம் பரிந்துரைத்தார். அவர் எடுத்துச் சொன்ன தகுதிகள் இரண்டே: வலிமை, அமானத். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் ஆடு மேய்த்தார்கள் என்ற பேச்சே அங்கு இல்லை. எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று உடன்படிக்கை ஆயிற்று.

வலிமை என்பது உடல் பலம் மட்டுமன்று. அந்தந்த வேலைக்குரிய ஆற்றலே அதற்கான வலிமை என்று உலமாப் பெருமக்கள் விளக்கியுள்ளனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, தாம் வயதில் இளையவர் என்றும், தீர்ப்பு வழங்கிப் பழக்கமில்லை என்றும் அவர்கள் தயங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. அல்லாஹ் அவர்களின் உள்ளத்துக்கு வழிகாட்டி, நாவையும் உறுதிப்படுத்துவான் என்று தைரியம் கூறினார்கள். கூடவே தொழிலையும் கற்றுக் கொடுத்தார்கள்: வழக்காளிகள் இருவர் முன்னால் அமர்ந்தால், ஒருவர் சொன்னதைக் கேட்டதுபோல் மற்றவர் சொல்வதையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை முதலாளிமார்கள் கவனிக்க வேண்டும். பொறுப்பைக் கொடுப்பது பாதி; கற்றுக் கொடுப்பது மறு பாதி.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானபின், அதை ஒன்றுதிரட்டும் மாபெரும் பணியை ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் யாரிடம் ஒப்படைத்தார்கள்? இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஹழ்ரத் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம்! வயது முதிர்ந்த ஸஹாபாக்கள் பலர் இருந்தும், அவர்களின் இளமை, அறிவு, குற்றம் காண முடியாத நேர்மை, வஹீயை எழுதிய பழக்கம் ஆகியவற்றைச் சொல்லியே அமர்த்தினார்கள். மலையைப் பெயர்ப்பது இதைவிட எளிது என்று கலங்கிய அந்த இளைஞரே பணியைச் செவ்வனே முடித்தார்கள்.

அப்படியானால் இளைஞர் என்றாலே அமர்த்திவிடலாமா? இல்லை. இஸ்லாத்தில் முந்தி வந்த ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அது அமானத் என்றும், அதைத் தாங்கும் வலிமை அவர்களிடம் இல்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். நீண்ட காலத் தொண்டும் ஒப்பற்ற பக்தியும் இருந்தும், அந்தப் பொறுப்புக்குத் தகுதி உண்டா என்றே பார்க்கப்பட்டது. வயதும் ஆண்டுக்கணக்கும் அளவுகோல் அல்ல.

புதியவரால் கணக்கில் பிழை வராதா, சரக்கு வீணாகாதா என்று முதலாளி அஞ்சுவது நியாயமே. சிறிய பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். பழையவர் ஒருவரின் பக்கத்தில் அமர்த்துங்கள். தவறினால் தனியே அழைத்துத் திருத்துங்கள். ஆனால் "பழக வந்தவன்தானே" என்று கூலியைக் குறைப்பதும் இழுத்தடிப்பதும் அநீதி. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இளைஞர்களே! அனுபவம் இல்லையே என்று நீங்களும் கூச வேண்டாம். கற்கும் ஆர்வமே உங்கள் வலிமை. பிறர் பொருளில் கைவைக்காத, சொன்ன நேரம் தவறாத அமானத்தை இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எவருடைய சான்றிதழும் வேண்டியதில்லை.

இன்று முதலாளியாக இருப்பவரும் ஒருநாள் ஒன்றும் தெரியாதவராக எவர் கடைப்படியிலோ நின்றவர்தாம். அன்று தம்மை உள்ளே அழைத்த கையை நினைத்து, நாமும் ஒரு பிள்ளையை உள்ளே அழைக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.