வாடகைக் காரும் மனசாட்சியும்

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி, காரையும் அதை ஓட்டுகிறவரையும் சேர்த்து அமர்த்திக்கொள்ளும்போது நாம் விலை கொடுத்து வாங்குவது எதை? கார் என்பது சுலபமான பதில். காரை மட்டும் வாங்கினால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டுகிறவருடைய நேரம் என்பது அடுத்த பதில். ஆனால் நேரத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து யாரும் யாருக்கும் விற்க முடிவதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு அவருடைய பசி, தூக்கம், பயம், ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்ற யோசனை எல்லாம் வந்துவிடுகின்றன. இந்தக் கடைசி விஷயம் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன்.

அத்திப்பட்டில் ஓட்டுநர்களைப் பார்க்காமல் ஒரு நாளும் கழிவதில்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற டிரெய்லர்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருப்பார்கள். இவர்களை அமர்த்தியிருப்பது ஒரு கம்பெனி. கம்பெனிக்கு முகமில்லை, எனவே முகம் பார்த்துப் பேசவேண்டிய தர்மசங்கடங்களும் இல்லை. கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ போகக் கார்க்காரர்கள் அமர்த்தும் 'ஆக்டிங் டிரைவர்' வேறு ரகம். இந்த 'ஆக்டிங்' என்ற சொல்லை நான் ரசிப்பதுண்டு. வங்கியில் மேலதிகாரி லீவில் போனால் அவர் நாற்காலியில் உட்காருகிறவர் 'அஃபிஷியேட்டிங்': கையெழுத்து ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை ஒருவருடையது, எங்கே போவது என்ற தீர்மானம் இன்னொருவருடையது. சாதாரணமாக இந்தப் பிளவு நம் கண்ணில் படுவதில்லை. ஊர்ச் சாலையில் அதற்கு அவசியமும் நேர்வதில்லை.

தீவுக்கு உல்லாசமாகப் போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. விடுமுறைப் பயணச் சலுகையில் கடல் தாண்ட ஆசைப்படுகிற வங்கி ஊழியனுக்கு வெளிநாடு கிடையாது, அந்தமான் உண்டு. அங்கே இறங்கியதும் நாம் திசை தெரியாதவர்கள். காரோட்டியே வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், எந்த ஓட்டலில் சாப்பிட்டால் வயிறு கெடாது என்பதற்கு ஜாமீன். கமிஷன் தரும் கடைக்கே அழைத்துப் போகிறார் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. டெபாசிட் போட வந்த கிழவருக்கு இன்ஷ்யூரன்ஸ் பாலிஸி விற்கும் ஸ்தாபனத்தில் வேலை பார்த்துக்கொண்டு இதைப் பெரிய ஒழுக்கப் பிரச்னையாக்க எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டு மேஜை விஷயமும் அப்படித்தான். 'எங்களோடு உட்காருங்கள்' என்று அழைப்பதில் நமக்கு ஒரு திருப்தி இருக்கிறது. அவர் மறுத்தால் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்கிறோம். நம்மிடமிருந்து அரைமணி நேரமாவது விடுதலை வேண்டும் என்பதற்காகவும் ஒருவர் தனியாகச் சாப்பிடலாம். ஸார்த்ர் 1943இல் எழுதிய புத்தகத்தில் ஒரு காபி ஹோட்டல் சர்வரைக் காட்டுகிறார். அவன் அசைவுகள் கொஞ்சம் மிகையான கச்சிதத்தோடு இருக்கின்றன. அவன் சர்வராக இருப்பதாக நடிக்கிறான் என்கிறார். அந்த மேஜையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பவனின் நடிப்பைப் பற்றியும் அதே அளவு எழுதியிருக்கலாம். நம் பாஷையிலோ இந்த நடிப்பு விகுதியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. 'டிரைவர்' என்ற சொல் தற்செயலாக நம் மரியாதை விகுதிபோல 'ர்' என்று முடிகிறது. ஆனாலும் 'டிரைவர் வந்தான்' என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுவதில்லை.

இவையெல்லாம் மேல்தளத்து விஷயங்கள். மனசாட்சியும் வாடகைக்கு வருமா என்ற கேள்வி ஒரு குறிப்பிட்ட சாலையில்தான் எழுகிறது. அந்தமான் டிரங்க் ரோடு. தெற்கே போர்ட் பிளேரிலிருந்து (2024இல் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) வடக்கே போகிற இந்தச் சாலையில் ஜிர்க்காட்டாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரையுள்ள பகுதி ஜாரவா மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட காட்டின் வழியே செல்கிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகள் அமலிலுள்ள காடு. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி ஜாரவாக்கள் 380 பேர். சாலை போட்டபோது அம்பெய்து எதிர்த்தவர்கள், 1990களின் கடைசியில்தான் தாமாக வெளியே வர ஆரம்பித்தார்கள். வந்த கொஞ்ச காலத்தில் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காட்டுக்குள் போகும் பகுதியை மூடவேண்டும் என்று 2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மூடவில்லை. வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் போலீஸ் காவலோடு வரிசையாகச் செல்கின்றன. நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, தின்பண்டம் எதையும் கொடுக்கக்கூடாது. அதிகாலை வரிசையைப் பிடிக்க ஊரிலிருந்து இருட்டில் கிளம்பவேண்டும். ஓட்டுநர் இரண்டு மணிக்கே எழுந்திருப்பார். எல்லாரும் பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

நாங்கள் போன வண்டியில் ஒருவர், காட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில், 'கொஞ்சம் மெதுவாப் போங்களேன் டிரைவர்' என்றார். ஓட்டுநர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். வேகத்தைக் குறைக்கவில்லை. 'நீங்க நாளன்னிக்கு ஊருக்குப் போயிடுவீங்க சார்' என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மிடில் ஸ்ட்ரெயிட் வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

'மெதுவாப் போங்களேன்' என்ற வாக்கியத்தைச் சற்று ஆராயலாம். அதில் ஜாரவா என்ற பெயர் இல்லை, பார்க்கவேண்டும் என்ற ஆசையும் சொல்லப்படவில்லை. சாதாரணச் சாலையில் இது ஓர் ஜாக்கிரதையான பயணியின் வேண்டுகோள். சொன்னவர் தாம் எந்த விதியையும் மீறச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யலாம். பிரேக்கை மிதிக்கும் கால் அவருடையதல்ல. மிதித்தவரோ, தாம் விரும்பி மிதிக்கவில்லை, காசு கொடுத்தவர் கேட்டார் என்பார். ஆசை ஓரிடத்தில், செயல் வேறிடத்தில். நடுவில் காரியம் மட்டும் நடந்து முடிந்துவிடுகிறது. 2012 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்ட படத்தில், தின்பண்டத்துக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன காட்சி உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. படம் பிடித்தவர், ஆடச் சொன்னவர், தின்பண்டம் கொண்டுவந்தவர், வண்டியை நிறுத்தியவர், பார்த்தும் பாராதிருந்தவர் என்று அந்தச் செயலை எத்தனை துண்டுகளாக வேண்டுமானாலும் வெட்டலாம். ஒவ்வொரு துண்டும் அற்பமாகத் தெரியும். அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் சில வாரங்கள் உல்லாசப் பயணிகளை அந்தச் சாலையில் தடை செய்தது. பிறகு தடை நீங்கியது.

வங்கிப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் பரிச்சயமானது. அதன் 224ஆம் பிரிவு விசித்திரமானது. ஒருவரை ஒரு குற்றச்செயலுக்கு அமர்த்தி, 'வருகிற நஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாக்குக் கொடுத்திருந்தாலும், அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய அமர்த்தியவருக்குக் கடமையில்லை. சட்டத்தின் நோக்கம் நியாயமானது. குற்றத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் இருக்கக்கூடாது. ஆனால் இதை வண்டிக்குள் கொண்டுவந்து பாருங்கள். 'ஃபைன் போட்டா நான் கட்டிடறேன்பா' என்று பின்சீட்டிலிருந்து சொல்லப்படும் வாக்குக்குச் சட்டத்தில் எந்தப் பெறுமானமும் கிடையாது. லைசென்ஸ், பெர்மிட், நாளைய பிழைப்பு எல்லாம் முன்சீட்டில் இருக்கின்றன. அந்த ஓட்டுநர் இந்தப் பிரிவைப் படித்திருக்கமாட்டார். அவர் சொன்ன பதில் அதன் சரியான பொழிப்புரை.

மனிதனை வெறும் சாதனமாக நடத்தாதே என்று 1785இல் கான்ட் எழுதியதை நம்மவர்கள் சாதனமாகவே நடத்தக்கூடாது என்று மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். அப்படியானால் ஒருவரும் கார் அமர்த்த முடியாது, வங்கியில் செக் மாற்றவும் முடியாது. அவர் சொன்னது வெறும் சாதனமாக, சாதனமாக மட்டும், என்பது. ஓட்டுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். அந்த அளவில் தவறில்லை. என் கையால் செய்யத் துணியாத ஒன்றைச் செய்ய அவர் காலை உபயோகித்துக்கொள்ளும்போதுதான் அந்த 'மட்டும்' வந்து சேர்கிறது. அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்றார். கருவிக்கு மறுக்கத் தெரியாது. மறுக்கத் தெரிந்தவருக்கு இன்று செல்போனில் நட்சத்திரம் குறைத்துப் போடும் வசதி பயணிக்கு இருக்கிறது.

தமிழில் இந்த உறவுக்குப் பழைய சரித்திரம் உண்டு. முல்லைத்திணையில் தலைவன் பாகனை விளித்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். பாகன் பெரும்பாலும் கேட்கிறவன். அகநானூற்றின் நாலாம் பாட்டில், குறுங்குடி மருதனார் பாடியது, பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாது என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். காட்டில் வசிப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் கடந்துபோவது பற்றி இதைவிட நுட்பமான கற்பனை வேறு பாஷையில் இருக்கிறதா தெரியவில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. அந்த மணிகளைக் கட்டியது யார்? வீட்டுக்கு விரையும் தலைவன் இறங்கி ஒவ்வொரு மணியாகக் கட்டிக்கொண்டிருந்திருப்பானா? பாகன்தான் கட்டியிருக்கவேண்டும். புகழ் தலைவனுக்குப் போயிற்று.

ஏவியவனுக்குத்தானே புகழ் என்று சொல்லலாம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏவலே செயல் என்றால், மணியைக் கட்டச் சொன்னவனுக்கு வரவு வைக்கிற பேரேட்டில் மெதுவாகப் போகச் சொன்னவனுக்குப் பற்று எழுதியாகவேண்டும். நடைமுறையில் நாம் வைத்திருக்கும் கணக்கு வேறு: நல்லது நடந்தால் தலைவன் பேரில் வரவு, கெட்டது நடந்தால் பாகன் பேரில் பற்று. இரண்டு பக்கமும் சமப்படாத இப்படியொரு ஏட்டை எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார்.

ஓட்டுநர் மறுத்துவிட்டபடியால் எங்கள் வண்டி விதிப்படியே போய்ச் சேர்ந்தது. அந்த ஒழுங்கு யாருடையது? பின்சீட்டில் இருந்தவர்களுடையது இல்லை என்பது நிச்சயம். ஆனால் ஓட்டுநரின் மனசாட்சிக்கும் எல்லை இருக்கிறது. அந்தக் காட்டுச் சாலைக்குள் எப்படிப் போவது என்பதைத்தான் அவர் தீர்மானிக்க முடியும். அங்கே போவதா வேண்டாமா என்பது அவருடைய பிழைப்பின் எல்லைக்குள் வருவதில்லை. அவர் மறுத்தால் வரிசையில் அடுத்த வண்டி காத்திருக்கிறது. அந்தத் தீர்மானம் முன்பே, பகல் வெளிச்சத்தில், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எடுக்கப்பட்டது. செல்லுலர் ஜெயில், ராஸ் தீவு, ஹாவ்லாக், பாராடாங் என்று டிராவல்ஸ்காரர் பட்டியலை நீட்டுகிறார், நாம் பேனாவால் டிக் செய்கிறோம். ஓட்டுநர் அங்கே இருப்பதில்லை. அவர் பெயர்கூட அப்போது நமக்குத் தெரியாது; முந்தின நாள் இரவுதான் வண்டி நம்பரோடு சேர்த்து அனுப்புவார்கள்.