உப்பிட்டவர் யார்?

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 2021இல் தமிழக அரசு முகாம்வாசிகளின் மாத உதவித்தொகையை உயர்த்தி, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500 என வகுத்தது. அரிசியும் விலையின்றித் தரப்படும் என அறிவித்தது. தாய், தந்தை, இரு குழந்தைகள் எனில் 3,500 ரூபாய். மீன், எண்ணெய், பள்ளிப் பை, காய்ச்சலுக்கு மருந்து எனத் தாளெடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பத்தாம் தேதியைத் தாண்டவில்லை. ஆதலால் முகாம்களில் வாழும் ஆண்கள் பலர் வண்ணம் பூசவும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர்.

"இடமும் அரிசியும் தந்தோமே, இன்னும் என்ன?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் முதுமொழி, உப்பு விளையும் இக்கரையில் எளிதாக நாவில் வருகிறது. ஆனால் இட்டவர் யார்? நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசியவர் அவர். உப்புக்கு வரி இல்லை, சோப்புக்கு உண்டு. அதை நம்மைப் போலவே அவரும் செலுத்துகிறார். கொடுத்ததை எழுதிவைக்கும் நாம், பெற்றதை எங்கும் எழுதுவதில்லை.

1987 ஜூலை 1 முதல் இந்நாட்டில் பிறந்தவராயினும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இல்லாவிடில் பிறப்பால் குடியுரிமை இல்லை. முகாமிலேயே பிறந்து முப்பது வயதைக் கடந்தவரும் விருந்தினரே. இவரிடம் இன்னமும் நன்றியை எதிர்பார்ப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.