வசந்தமும் மனமும்



குளிர் நாடு ஒன்றில் வாழும் ஒரு குடும்பத் தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். பெப்ருவரி மாதத்தில் அவன் வீட்டில் எவரோடும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. காலையில் படுக்கையை விட்டு எழுவதே அவனுக்குப் பெரும்பாடு. பிள்ளைகள் சற்றுச் சத்தமிட்டாலும் எரிந்து விழுகின்றான். அதே மனிதன் ஏப்ரல் மாதத்தில் பாடிக்கொண்டே எழுகின்றான், பிள்ளைகளோடு விளையாடுகின்றான், மனைவிக்குப் பூ வாங்கி வருகின்றான். இவ்விரு மாதங்களுக்கிடையில் அவன் ஞான ஒடுக்கம் செய்தானா? மனந்திரும்பிப் புதுவாழ்வு தொடங்கினானா? ஒன்றுமில்லை. வசந்தம் வந்தது, அவ்வளவே.

அப்படியானால், ஏப்ரல் மாதத்து இன்முகம் யாருடைய புண்ணியம்? பெப்ருவரி மாதத்துச் சிடுசிடுப்பு யாருடைய குற்றம்? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

நம் நாட்டிலிருந்து பார்த்தால் இது சிறு விஷயமாகத் தோன்றும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. நம் இளவேனில் வெளிச்சத்தைக் கொண்டுவருவதில்லை, வெக்கையைத்தான் கொண்டுவருகின்றது. வட ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. நார்வே நாட்டின் தலைநகரான ஓஸ்லோவில் டிசம்பர் மாதக் கடைசியில் பகல் ஆறு மணி நேரந்தான். ஜூன் மாதத்தில் ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம். அங்கே வசந்தம் என்பது பூக்களின் வரவு மட்டுமன்று, வெளிச்சத்தின் வரவு.

வெளிச்சத்துக்கும் மனத்துக்கும் உள்ள உறவை மருத்துவர் இப்போது ஓரளவு விளக்குகின்றனர். இருட்டியதும் நம் மூளையில் மெலட்டோனின் என்னும் சுரப்பு ஊறுகின்றது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் அது அடங்குகின்றது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகின்றது என்றால், அதற்குத் தினமும் சாவி கொடுப்பது சூரியன். வெளிச்சம் குறைந்த மாதங்களில் சிலருக்கு இந்தக் கடிகாரம் பிசகி, மிகுந்த தூக்கமும் சோர்வும் காரணமற்ற துயரமும் உண்டாகின்றன. தென் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவர், குளிர்காலம் வந்தால் தாமே சோர்ந்துபோவதைக் கண்டார். 1984-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர்களும் இதனைத் தனி நோயாக விவரித்து, பிரகாசமான விளக்கொளியால் பலர் குணமடைவதையும் எடுத்துக்காட்டினர்.

இதிலிருந்து நாம் கற்கும் முதற்பாடம் தாழ்ச்சி. நம்முடைய மகிழ்ச்சியில் பெரும்பகுதி நாம் சம்பாதித்ததன்று. நல்ல தூக்கம், நல்ல வெயில், நோயற்ற உடல், இவை நமக்குக் கிடைத்த கொடைகள். மலர்ந்த முகத்தோடு பிறந்தவன் தன் முகத்தைப் புண்ணியமென்று எண்ணிக்கொள்ளலாகாது. மனம் இருண்டிருக்கும் பெப்ருவரி மாதத்தில், நாவை அடக்கிக்கொண்டு பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னானே, அதுதான் அந்தத் தகப்பனின் புண்ணியம். ஏப்ரல் மாதத்தில் அவன் பாடும் நூறு பாட்டுக்களைவிட அந்த ஒரு வார்த்தைக்கு விலை அதிகம்.

"அப்படியானால் சுவாமி, என் கோபத்துக்குக் காரணம் பருவந்தானே! அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்று ஒருவர் கேட்கலாம். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மனத்தில் எழும் உணர்ச்சிகள், புத்திக்கும் சித்தத்துக்கும் முந்தி எழுகின்ற அளவில், நன்மையுமல்ல, தீமையுமல்ல என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் கற்பித்தார். சித்தம் அவற்றை ஏற்றுக்கொள்ளும்போதோ அடக்கும்போதோதான் அவை நம் செயலாகின்றன. மேகம் வருவது நம் கையில் இல்லை. அந்த இருட்டில் அடுத்தவன் மேல் கல்லெறிவதும் எறியாதிருப்பதும் நம் கையில் இருக்கின்றது. சோர்வு நோயாகி முற்றும்போது அந்தச் சுதந்திரமும் குறுகுகின்றது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குறுகியது என்று அளப்பது கடவுளுக்குரிய வேலை. நாமோ நம் குற்றத்துக்கு வானிலையைச் சாட்சிக்கு அழைக்கிறோம். பிறர் குற்றத்துக்கு மட்டும் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற விடுவதில்லை!

இதுவரை சொன்னது வசந்தம் வந்ததும் தேறுகிறவர்களைப் பற்றி. வசந்தம் வந்தும் தேறாதவர்கள் இருக்கின்றார்களே, அவர்களைப் பற்றி என்ன சொல்வோம்?

இருண்ட குளிர்காலத்தில்தான் மனிதர் மிகுதியாக நம்பிக்கை இழந்து தம் உயிரை மாய்த்துக்கொள்வர் என்று நாம் எண்ணுவோம். உண்மை அப்படியில்லை. வட நாடுகள் பலவற்றில் அந்தத் துயரம் உச்சத்தை எட்டுவது வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலுமே. 1897-இல் வெளியான தமது நூலில் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கெம் இதனைக் கணக்குகளோடு எடுத்துக்காட்டினார். பகல் நீள நீள ஊரின் நடமாட்டம் பெருகுவதே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. மனத்தின் துயரம் நீங்குமுன் உடலின் வலிமை திரும்பிவிடுவதே காரணம் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், ஒன்று நமக்கு விளங்குகின்றது. எல்லாரும் அழும்போது அழுகிறவனுக்குத் துணையுண்டு. எல்லாரும் சிரிக்கும்போது அழுகிறவன் தனியன். "இப்போது எல்லாம் நன்றாய்த்தானே இருக்கிறது, உனக்கென்ன குறை?" என்று நாம் கேட்கும் கேள்வி, அவன் காதில் குற்றச்சாட்டாகவே விழுகின்றது.

இத்தகையோர்மீது தீர்ப்புச் சொல்லத் துணியாதேயுங்கள். கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று, 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, தற்கொலையைப் பற்றிக் கூறுமிடத்தில் போதிக்கின்றது. திருச்சபை இரங்குமிடத்தில் நாம் ஏன் கல்லாகவேண்டும்?

தீர்ப்பு வேண்டாம் என்றால், செய்ய வேண்டியது என்ன? இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையில், விகனெல்லா என்னும் சிற்றூர் உண்டு. ஊரை ஒட்டி மலை உயர்ந்து நிற்பதால், ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள், அர்ச். மார்ட்டீன் திருநாளன்று, சூரியன் அவ்வூரிலிருந்து மறைந்துவிடும். பிறகு அது எட்டிப்பார்ப்பது பெப்ருவரி 2-ஆம் நாள், நாம் கோயிலில் மெழுகுதிரிகளை மந்திரித்து ஏந்தும் அதே திருநாளில். ஏறக்குறைய மூன்று மாதம் தெருவில் ஒரு கதிர் விழாது. அவ்வூரார் என்ன செய்தார்கள்? ஒருவரையொருவர் பார்த்து, "மனத்தைத் தேற்றிக்கொள்" என்று புத்தி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் எதிர்மலைச் சரிவில் எட்டு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் உயரமுமான ஓர் எஃகுக் கண்ணாடியை நிறுத்தினார்கள். சூரியன் நகர நகர அதுவும் திரும்பி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை விழச் செய்கின்றது. கிழவர்கள் அங்கே வந்து குளிர்காய்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

நார்வேயில் ரியூக்கான் என்னும் தொழிலாளர் ஊரும் இப்படியே ஆழப் பள்ளத்தில் கிடப்பது. செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் இல்லை. 1928-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிற்சாலையார், தொழிலாளரும் அவர்கள் குடும்பத்தாரும் மலைமேல் ஏறி வெயிலைக் காணும்படி, கம்பிவடத்தில் ஓடும் ஊர்தி ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். 2013-இல் அங்கேயும் மூன்று கண்ணாடிகள் மலைமேல் நிறுத்தப்பட்டன. வெயில் படுமிடத்தில் நிற்கும் கண்ணாடி, வெயில் படாதவனை நோக்கித் திரும்பி நிற்கின்றது. பிறர்சிநேகம் என்பதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை.

துயரத்துக்கு மருந்து என்ன என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் ஆராய்ந்து ஐந்து மருந்துகளைக் குறித்தார்: இன்பந்தரும் ஏதேனும் ஒன்று, கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானித்தல், உறக்கமும் குளியலும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய வேதசாஸ்திரி குளியலையும் மருந்தாகக் குறிக்கிறாரே என்று நகைக்காதீர்கள். உடலும் ஆத்துமமும் சேர்ந்தவன் மனிதன் என்பதை அவர் மறக்கவில்லை. துயரம் ஒரு சுமை. நண்பன் தானும் துயருறும்போது அச்சுமைக்கு ஒரு கை கொடுத்ததுபோலாகின்றது என்பதும் அவர் சொன்னதே. நாமோ நண்பனின் தலைச்சுமையை இறக்க உதவாமல், நிமிர்ந்து நடக்கச் சொல்லி அவனை அதட்டுகின்றோம்.

நம் பங்குப் பிள்ளைகள் சிலர் இப்போது குளிர் நாடுகளில் வேலை செய்கின்றனர். தொலைபேசியில் மகள், "மனம் சரியில்லை அம்மா" என்றால், "நல்ல சம்பளம், நல்ல வீடு, உனக்கென்ன குறை?" என்று கேட்டுவிடாதீர்கள். வெளிச்சமே குறையாயிருக்கலாம். "காலையில் கொஞ்ச நேரம் வெளியே நடந்து வா; மருத்துவரிடம் சொல்; நாளைக்கும் நான் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே மறுநாளும் பேசுங்கள். இங்கேயே, வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் தெருவிலும், திருநாள் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒருவர் இருப்பார். அவரைத் தனியே விடாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு அவர் வாயில் வந்தால் அதனை விளையாட்டாக எண்ணாமல், அன்றே உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சோர்ந்திருப்பவருக்கும் ஒரு சொல். மனம் இருண்டிருக்கும் காலத்தில் முன்பு தெளிவாய் எடுத்த தீர்மானங்களை மாற்றாதே என்று அர்ச். இஞ்ஞாசியார் எச்சரித்திருக்கின்றார். இருட்டில் வழி தெரியவில்லை என்பதால் வழியே இல்லையென்று முடிவு கட்டவேண்டாம். மெழுகுதிரியைக் கொளுத்த உங்களால் முடியாவிட்டால், அடுத்தவர் கொளுத்தித் தரட்டும், வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொருவரும் ஒன்று செய்வோம். நம் மேல் வெயில் அடிக்கின்றதென்றால், நன்றி சொல்லிவிட்டு, அது எவர்மேல் அடிக்கவில்லையென்று பார்ப்போம். பார்த்தபின், அந்தப் பக்கமாய்ச் சற்றுத் திரும்பி நிற்போம்.