கட்டளையும் மனச்சாட்சியும்

ஐக்கிய அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் நிருவாகப் பிரிவுகள் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் ஷெரீப் என்னும் உத்தியோகத்தர் மக்களின் வாக்கினால் தெரிவு செய்யப்படுகிறார். அவருடைய அலுவலகம் ஓராண்டில் செய்து முடித்த வேலைகளைத் தொகுத்து அறிக்கையாக வெளியிடுவது பல கவுண்டிகளில் வழக்கம். உதவி கோரி வந்த அழைப்புகள் இத்தனை. நிறைவேற்றிய பிடியாணைகள் இத்தனை. சேர்ப்பித்த அழைப்பாணைகள் இத்தனை. சிறையில் ஏற்றுக் கொள்ளப்பட்டோர் இத்தனை பேர். ஏலத்தில் விற்ற உடைமைகள் இத்தனை. வெளியேற்றப்பட்ட குடித்தனங்கள் இத்தனை. சென்ற ஆண்டின் எண் ஒரு புறமும் இவ்வாண்டின் எண் மறு புறமும் நிற்கும். எண் ஏறியிருந்தால் உழைப்பு மிகுந்தது என்பர். இறங்கியிருந்தால் ஒழுங்கு மிகுந்தது என்பர்.

எமது நாட்டு வாசகருக்கு இவ்வேலை முற்றிலும் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்துப் பெயரோடு எமது நீதிமன்றங்களில் இன்றும் வழங்கும் பிஸ்கால் என்பவர், நீதிமன்றக் கட்டளைப்படி அழைப்பாணை சேர்ப்பிப்பதும் உடைமையைக் கைப்பற்றி ஒப்படைப்பதும் ஆகிய இதே வேலையைத்தான் செய்கிறார். ஆயினும் ஷெரீப்பிடம் பொலிஸ் அதிகாரம், சிறை நிருவாகம், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே குவிந்துள்ளன. ஆதலால், கட்டளையை நிறைவேற்றுபவனுக்கு அக்கட்டளையின் விளைவில் பங்குண்டா, இல்லையா என்னும் பழைய கேள்வியை ஆராய அவருடைய ஆண்டுக் கணக்கைப் போன்ற நல்ல இடம் வேறில்லை.

இந்த ஆண்டுக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. ஷெரீப் என்ற சொல் ஆங்கில நாட்டின் 'ஷயர்' என்னும் நிலப்பிரிவின் மேற்பார்வையாளன் என்னும் பொருளில் பிறந்தது. மன்னனின் வருவாயைத் தண்டிக் கொண்டுவந்து, கட்டமிட்ட துணி விரித்த மேசையின் முன் நின்று ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிப்பது அவனுடைய கடமை. இங்கிலாந்தின் நிதித்துறை இன்றும் தாங்கியிருக்கும் 'எக்ஸ்செக்கர்' என்னும் பெயர் அந்தக் கட்டத் துணியிலிருந்து வந்தது. அக்கணக்குச் சுருள்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக்குரியது. வந்த பணமும் வராத பணமும் அதில் உண்டு. அப்பணம் எந்தக் குடிசையிலிருந்து வந்தது, அதைக் கொடுத்த பின் அங்கே அடுப்பு எரிந்ததா என்பன அதில் இல்லை. கணக்குக் கேட்டவன் மன்னன். அவனுக்கு வேண்டியது பணம். ஆகவே பணமே கணக்கானது.

மக்கள் வேறு கணக்கு வைத்திருந்தனர். ஷெரீப்மாரின் கொடுமை பற்றி எழுந்த முறைப்பாடுகள் மிகுந்து, 1170இல் இரண்டாம் ஹென்றி விசாரணை நடத்திப் பலரைப் பதவி நீக்க வேண்டியதாயிற்று. 1215ஆம் ஆண்டின் மகா சாசனம், சுதந்திர மனிதனின் குதிரையையும் வண்டியையும் அவனது சம்மதமின்றி ஷெரீப் எடுத்தலாகாது என்றும், நாட்டின் சட்டத்தை அறிந்து அதைப் பேண விரும்புவோரையே அப்பதவிக்கு நியமிக்க வேண்டும் என்றும் விதித்தது. ரொபின்ஹூட் கதையில் நொட்டிங்காம் ஷெரீப் கொடியவனாக நிலைபெற்றதும் தற்செயலன்று. ஆட்சியின் ஏட்டில் எழுதாததை மக்கள் தம் கதைகளில் எழுதி வைத்தனர்.

இன்று கணக்குக் கேட்பவர் மன்னரல்லர், வாக்காளர். அப்படியாயின் கணக்கின் இயல்பும் மாறியிருக்க வேண்டுமன்றோ? மாறவில்லை. ஒரு சாட்சிக்கு அழைப்பாணை கொடுப்பதும் ஏட்டில் 'ஒன்று'. ஒரு குடும்பத்தைக் கட்டில், பாய், பாத்திரம், பிள்ளைகளின் பாடப் புத்தகம் ஆகியவற்றோடு தெருவோரத்தில் இறக்கிவிடுவதும் 'ஒன்று'. எண்களுக்கு முன் இரண்டும் சமம். சிறைக் கணக்கும் இவ்வாறே. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட அனுமதிகள் பதிவாயின. அச்சிறைகளிற் பெரும்பாலானவை ஷெரீப்மாரின் பொறுப்பில் உள்ளவை. ஏதேனும் ஒரு நாளில் அங்கு அடைபட்டிருப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குற்றவாளிகளென இன்னும் தீர்க்கப்படாதவர்கள். அவர்களிற் பலர் பிணைப்பணம் கட்ட இயலாமையினால் மட்டும் உள்ளே இருப்பவர்கள். அதே குற்றச்சாட்டுக்கு ஆளான பணமுள்ளவன் மாலையில் வீடு திரும்புகிறான்; பணமில்லாதவன் வேலையை இழக்கிறான். ஏட்டில் இருவரும் 'ஏற்றுக் கொள்ளப்பட்டோர்'.

இதற்கு ஷெரீப் அலுவலகம் கூறும் விடை நாம் அறிந்ததே: 'தீர்ப்பளித்தது நீதிமன்றம், சட்டம் இயற்றியது சட்டசபை, கடன் கொடுத்தது வங்கி, நாம் கதவைத் தட்டினோம், அவ்வளவே.' வங்கியைக் கேட்டால், ஒப்பந்தப்படி வழக்கிட்டோம் என்கிறது. நீதிபதியைக் கேட்டால், முன்னிருந்த பத்திரங்களின்படி தீர்த்தோம் என்கிறார். சட்டசபையைக் கேட்டால், எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் செய்தோம் என்கிறது. இவ்வாறு பொறுப்பைப் பல கைகளில் துண்டு துண்டாகப் பகிர்ந்து வைத்தால், எந்தக் கையிலும் குற்றம் ஒட்டாமலே ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். உடைமையே முதன்மை பெற்ற சமுதாயத்தின் பெரிய வசதி இது.

ஆனால் அச்சங்கிலியில் ஷெரீப்புக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வங்கி காண்பது கடன் இலக்கத்தை. நீதிபதி காண்பது வழக்கு இலக்கத்தை. ஷெரீப்பின் ஆள் காண்பது மனித முகத்தை. அச்சங்கிலியில் கதவு திறக்கப்படும்போது எதிரே நிற்பவர் அவர் ஒருவரே. கண்ணாற் கண்டவனின் பொறுப்பு காணாதவனின் பொறுப்பினும் மிகுதி என்பது எந்த ஒழுக்க நூலும் மறுக்காத உண்மை.

2008ஆம் ஆண்டில் இவ்வுண்மை சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில் சோதனைக்கு வந்தது. வீட்டுக் கடன் நெருக்கடி நாடெங்கும் பரவிய காலம் அது. ஈடு மீட்கப்படாத வீடுகளை வங்கிகள் ஆயிரக்கணக்கில் கைப்பற்றின. வெளியேற்றச் சென்ற ஷெரீப்பின் ஆட்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். வீட்டில் இருந்தோர் பலர் கடன்காரர் அல்லர். மாதந் தவறாது வாடகை கட்டி வந்த குடியிருப்பாளர். வீட்டுக்காரன் வாடகையை வாங்கிக்கொண்டு வங்கிக்குக் கட்டாமல் விட்டிருந்தான். வழக்கு நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. கதவு தட்டப்பட்டபோதே தாம் வீடற்றவர் என்பதை அறிந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, ஷெரீப் தொம் டார்ட், ஈட்டு வழக்குகளில் வெளியேற்றக் கட்டளைகளை நிறைவேற்றுவதை நிறுத்துவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாகலாம் என்பதை அறிந்தே அறிவித்தார். அம்மாநில வங்கியாளர் சங்கம், இது சட்டத்தைத் தன் கையில் எடுக்கும் செயல் எனக் கண்டித்தது. சில வாரங்களுக்குள் நீதிமன்றம் குடியிருப்பாளரைப் பாதுகாக்கும் புதிய நடைமுறைகளுக்கு இணங்கியது. வெளியேற்றங்கள் மீண்டும் தொடங்கின.

வங்கியாளரின் கண்டனத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஓர் உத்தியோகத்தன் தனக்குப் பிடித்த கட்டளையை நிறைவேற்றிப் பிடிக்காததை விட்டுவிட்டால் நீதி என்னவாகும்? அமெரிக்க வரலாற்றில் இக்கேள்விக்கு இருண்ட விடைகள் உள்ளன. அலபாமா மாநிலத்தின் டல்லஸ் கவுண்டியில் ஷெரீப் ஜிம் கிளார்க், வாக்காளராகப் பதியச் சென்ற கறுப்பின மக்களைத் தடியாலும் மின்கோலாலும் விரட்டினார். 1965 மார்ச் 7ஆந் திகதி செல்மா பாலத்தில் ஊர்வலத்தினர் தாக்கப்பட்டபோது மாநிலப் பொலிசாரோடு அவருடைய குதிரைப் படையும் நின்றது. அரிசோனாவின் மரிக்கோப்பா கவுண்டியில் ஷெரீப் ஜோ ஆர்பாயோ, குடிவரவாளரெனச் சந்தேகித்தவர்களைத் தடுத்து வைப்பதை நிறுத்துமாறு கூட்டாட்சி நீதிமன்றம் இட்ட கட்டளையை மீறினார். 2017இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, அடுத்த மாதமே ஜனாதிபதி டிரம்பின் மன்னிப்பைப் பெற்றார். இவர்களும் தத்தம் மனம் சொன்னபடியே நடந்ததாகக் கூறலாம். அப்படியாயின் டார்ட்டின் மீறலுக்கும் இவர்களின் மீறலுக்கும் வேறுபாடு யாது?

வேறுபாடு மூன்று இடங்களில் உள்ளது. முதலாவது, மீறலின் சுமை யார் மேல் விழுகிறது என்பது. ஒருவர் மீறியபோது வலியவரின் வரவு சில நாள் தாமதித்தது. மற்றவர் மீறியபோது எளியவரின் உடம்பும் சுதந்திரமும் பறிபோயின. இரண்டாவது, மீறுபவர் எதைக் கோருகிறார் என்பது. ஒருவர், கேட்கப்படாதவரையும் கேட்ட பின் தீர்ப்பளியுங்கள் என நீதிமன்றத்தை அதன் சொந்தக் கடமைக்கே அழைத்தார். மற்றவர் நீதிமன்றம் தம்மைக் கேள்வி கேட்பதையே மறுத்தார். மூன்றாவது, விளைவை ஏற்கும் துணிவு. காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லி, தண்டனை வரின் வரட்டும் என நிற்பது மனச்சாட்சி. பதவியின் பலத்தை நம்பித் தண்டனைக்கு அப்பால் நிற்பது வெறும் அதிகாரம். இம்மூன்று அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால் ஒழுக்கத்தின் மீறலையும் கொடுமையின் மீறலையும் ஒருவர் மயங்கிக் கொள்ள நேராது.

எனினும் நல்லதொரு ஷெரீப்பைக் கண்டுவிட்டோம் என்று மகிழ்ந்து நின்றுவிட்டால் பிரச்சினையின் பாதியையே கண்டவராவோம். அதே 2008இல் பிலடெல்பியா நகரத்து ஷெரீப் ஜோன் கிறீனும், நகரசபையின் வேண்டுகோளை ஏற்று, ஈட்டு வீடுகளின் ஏலத்தை நிறுத்தி வைத்தார். கடன்பட்டவரும் வங்கியும் நேரில் பேசித் தீர்க்கும் ஏற்பாடு அங்கு உருவாயிற்று. மெச்சத்தக்க செயல். ஆனால் அதே மனிதர் தம் பதவிக்காலத்து ஊழலுக்காக 2019இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இதனால் ஏல நிறுத்தத்தின் நன்மை அழிந்துவிடவில்லை. அந்த ஏற்பாடு அவரை நம்பி நிற்காமல் நீதிமன்ற நடைமுறையாக ஆனமையே அதன் பலம். தனி மனிதனின் நல்லெண்ணம் விளக்குப் போன்றது; எண்ணெய் தீர்ந்தால் அணையும். ஊருக்கு வேண்டியது விடிவு.

அவ்விடிவு எப்படி வருகிறது என்பதை 1930களின் விவசாயிகள் காட்டினர். பெரு மந்தத்தில் தானியத்தின் விலை வீழ்ந்து, அயோவா, நெப்ராஸ்கா, மினசோட்டா மாநிலங்களில் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அயலவர் திரண்டு ஏலக்களத்தை நிறைத்தனர். ஒரு பசுவுக்கு ஒருவர் சில சதங்கள் கேட்பார். மேலே கேட்க எவரும் துணியார். எல்லாம் சில டொலருக்குள் விலைபோய், உரியவனிடமே திருப்பிக் கொடுக்கப்படும். ஏலம் சட்டப்படி நடந்தது. ஆனால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறவில்லை. இம்முறையில் வன்மை கலந்திருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1933 ஏப்ரிலில் அயோவாவின் லெ மார்ஸ் என்னும் ஊரில் நீதிபதி ஒருவரை மேடையிலிருந்து இழுத்துச் சென்று அச்சுறுத்தினர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆயினும் மக்களின் குரல் சட்டமன்றங்களை எட்டியது. அவ்வாண்டிலேயே மினசோட்டா மாநிலம் ஈடு மீட்கும் காலத்தை நீட்டிச் சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் புனிதமானது என்று வழக்கிட்டனர். 1934இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அச்சட்டத்தை ஏற்றது. ஒப்பந்தம் மாறாதது, மனிதன் எக்கேடு கெட்டாலும் கெடுக என்ற வாதம் ஒரு வாக்கினாலேனும் தோற்றது.

செல்மாவும் இதையே சொல்கிறது. ஜிம் கிளார்க்கை நல்லவராக்கிய உபதேசம் எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் அக்கவுண்டியின் கறுப்பின மக்களில் நூற்றுக்கு இருவர் அளவினரே வாக்காளராகப் பதிந்திருந்தனர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966இல் அதே மக்கள் வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினர். குக் கவுண்டியில் கேட்ட கேள்விக்கும் ஒரு சட்ட விடை வந்தது: ஈட்டு வழக்கில் வீடு கைமாறினால் குடியிருப்பாளருக்குக் குறைந்தது 90 நாள் அறிவித்தல் வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 2009இல் பிறந்தது, 2014 முடிவில் காலாவதியாகி, 2018இல் நிரந்தரமாக மீண்டது. ஒருவரின் மறுப்பு கேள்வியை எழுப்பும். பலரின் இயக்கமே விடையைச் சட்டமாக்கும்.

ஆகவே, கட்டளையை நிறைவேற்றுபவனுக்கு அதன் விளைவில் பங்குண்டு என்றே நாம் முடிவு செய்கிறோம். ஆனால் அவன் பங்கைச் சுட்டும் விரல் அவனோடு நின்றுவிடலாகாது. கட்டளையிட்டவன், அதனால் ஊதியம் பெற்றவன், அவ்வேட்டைப் படித்து எண் ஏறியதே திறமை என்று தலையசைத்த குடிமகன் ஆகிய எல்லோரும் அதற்குப் பங்காளிகளே. தெரிவு செய்யும் உரிமை பெற்ற மக்கள், கணக்குக் கேட்கும் உரிமையையும் பெற்றவர்கள். மன்னன் கேட்டது எவ்வளவு வந்தது என்பதை. மக்கள் கேட்க வேண்டியது வேறு: வெளியேற்றப்பட்டோர் எங்கே போயினர்? அவர்களுள் வாடகை கட்டியவர் எத்தனை பேர்? பிணைக்குப் பணமின்றிச் சிறையில் கிடந்தோர் எத்தனை பேர், எத்தனை நாள்? கட்டளை தவறென்று கண்டு திருப்பி அனுப்பியவை எத்தனை?

இக்கேள்விகளுக்கும் விடை எழுதிய ஆண்டறிக்கையே மக்களுக்கு ஒப்புவிக்கும் கணக்கு. அதுவரை, கட்டமிட்ட துணி மேசையிலிருந்து நீங்கியிருக்கலாம். அதன் முன் நின்று ஒப்புவிக்கும் வழக்கம் நீங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அதை நீக்குவது வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருப்போரின் கடமை. எந்த நாட்டினராயினும் அவர்களுக்கு இது பொருந்தும்.