சூளையில் வெந்த குடம்

சூளைக்குள் மங்கிய மண்ணிறத்தோடு போகும் பச்சைக் குடம் சிவந்து வெளிவருகிறது. வெளிவந்தது உள்ளே போன அதே குடந்தானா, அன்றி அது அழிந்தபின் அதனிடத்தில் தோன்றிய வேறொன்றா என்பது இந்தியத் தருக்க நூலார் நெடுங்காலம் வாதித்த வினா. வெப்பத்தின் சேர்க்கையால் ஒரு பொருளின் நிறம், சுவை, மணம், ஊறு ஆகியவை மாறுவதை அவர்கள் பாகம் என்றனர். அது மண்ணுக்கு மட்டுமே உரியது என்பதில் நியாயத்தாரும் வைசேடிகரும் உடன்பட்டனர். வெந்நீரின் சூடு அதனுள் கலந்த தீயினுடையதே, நீரின் இயல்பான தண்மை மாறுவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

கருத்து வேறுபட்டது, பாகம் எங்கே நிகழ்கிறது என்பதில்தான். குடம் முழுமையாக நிற்கும்வரை அதன் உள்ளணுக்களைத் தீ எட்டாது என்று கருதிய வைசேடிகர், வெப்பத்தின் தாக்குதலால் குடம் அணுக்களாகப் பிரிந்து, தனித்த அணுக்களில் பழைய நிறம் கெட்டுச் செந்நிறம் பிறந்து, அவை மீண்டும் இரண்டிரண்டாகக் கூடிப் படிப்படியாகப் புதுக்குடம் ஆகின்றன என்றனர். பீலு என்பது அணுவைக் குறிப்பதால் இது பீலுபாகவாதம் எனப்பட்டது. இதற்கு எதிரான பிடரபாகவாதத்தை, அதாவது முழுக்கலத்திலேயே மாற்றம் நிகழ்கிறது என்பதை, நியாயத்தார் நிறுவினர்: குடத்தில் நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியே தீ உட்புகும், குடம் இடையில் சிதறியிருந்தால் அதன்மேல் அடுக்கியவை சரிந்திருக்கும், கண்டவரும் ‘அதுவே இது’ என்று அறியமாட்டார். சிதறலும் கூடலும் கண்ணுக்குப் புலப்படாத விரைவில் முடிகின்றன என்று விடையிறுத்த வைசேடிகர், அதற்கு ஆகும் கணங்கள் ஒன்பதா பத்தா என்றுகூடக் கணக்கிட்டனர். சோதித்தறிய வழியில்லாத ஒன்றில் இத்தனை நுட்பம் சற்று மிகையே.

இன்றைய வேதியியல் இரு கட்சியையும் முழுமையாக ஏற்பதில்லை. வெயிலில் காய்ந்த குடம் நீரிலிட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகும், ஏனெனில் அங்கே துகள்களுக்கு இடையிலிருந்த நீர் மட்டுமே நீங்கியிருக்கிறது. இது பௌதிக மாற்றம். வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியசைக் கடக்கும்போது களிமண்ணின் படிக அமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறி அவ்வமைப்புக் குலைகிறது. அதன்பின் வெறும் நீரில் ஊறவைத்து அதைக் களிமண்ணாக்க இயலாது. காற்றோட்டமுள்ள சூளையில் மண்ணிலுள்ள இரும்பு உயிர்வளியோடு சேர்ந்து செந்நிற ஆக்சைடாகிறது. காற்று அடைபட்டால் கலம் கறுக்கிறது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களின் இருநிறத்துக்கும் அடிப்படை இதுவே. ஆகவே மாற்றம் நுண்ணிய நிலையில் நிகழ்கிறது என்ற அளவில் வைசேடிகர் கூற்றுப் பொருந்தும். ஆனால் அணுவின் நிறம் மாறவில்லை, தனியணுவுக்கு அத்தகைய நிறமும் இல்லை, அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் முறையே மாறுகிறது.

நியாய, வைசேடிகக் கொள்கைகளைத் தொகுத்துரைக்கும் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவர் சார்ந்த சைவ சித்தாந்தமோ, காரியம் காரணத்தில் முன்னமே உள்ளது என்னும் சற்காரியவாதத்தைக் கொள்வது. அதன்படி குடம் புதிதாகப் பிறப்பதில்லை, மண்ணில் அடங்கியிருந்தது வெளிப்படுகிறது. இதை எந்த வெப்பமானியும் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முடியாது. ஆயினும் சூளைக்கு முன்னும் பின்னும் குடத்தை நிறுத்தும் ஆய்வாளர், எடை குறைந்தது, நிறம் மாறியது என்று சொல்வதற்கே, மாற்றங்களுக்கு ஊடாக நிலைத்த ஒரே குடத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவ்வளவில் நியாயத்தாரின் கட்சியே வலுவுடையது.