ஒன்பது கொல்லி

தமிழில் கீச்சான், பெயரில் குரல் மட்டுமே கேட்கிறது. செம்முதுகுக் கீச்சானை ஜேர்மனியர் 'நொயின்டோட்டர்', அதாவது ஒன்பது கொல்லி, என்கிறார்கள். ஒன்பது உயிரைக் கொன்ற பின்பே அது தின்னும் என்பது பழைய நம்பிக்கை. 1758இல் லின்னேயஸ் இட்ட 'லானியஸ்' என்ற இலத்தீன் பெயருக்கும் கசாப்புக்காரன் என்றே பொருள்.

வண்டையும் பல்லியையும் அது முள்ளிலும் முட்கம்பியிலும் குத்தி வைப்பது உண்மைதான். அலகு கொக்கி போன்றது; கால்களிலோ பருந்தின் பலம் இல்லை. இரையைப் பிடித்துக் கிழிக்க முள்தான் அதற்குக் கை. மிஞ்சுவது நாளைய உணவு.

மனிதரைக் கொன்றவனை நாம் 'மிருகம்' என்கிறோம். அப்படிச் சொல்லி யாரை விடுவிக்கிறோம்? கீச்சானுக்கு வேறு வழியில்லை, அவனுக்கு இருந்தது. மிருகம் என்றதும் கேள்வி நின்றுவிடுகிறது. மனிதன் என்றால்தான் கணக்குக் கேட்கலாம், எதிரியிடமும் எங்களவரிடமும்.