முழங்கால் ஆழத்து மனிதன்

சீடன்: ஐயா, ஓர் ஆங்கிலக் கதையைப் பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் நகரவிடவில்லை. 'அவன் தன் குளத்தைப் போலவே ஷாலோ' என்கிறது. ஆழமில்லாத நீருக்கும் மேம்போக்கான ஆளுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்.

குரு: என்ன எழுதினாய்?

சீடன்: ஆள் நுனிப்புல் மேய்கிறவன். அதனால் 'சுப்பெர்ஃபிஸியெல்' என்றேன். அதையே குளத்துக்கும் வைத்துவிட்டேன்.

குரு: பிரான்சில் நீர்வளத் துறைக்காரர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். நிலத்தடி நீர் அல்லாத ஆறு, ஏரி எல்லாம் அவர்களுக்கு 'ஓ சுப்பெர்ஃபிஸியெல்'. லெமான் ஏரியும் அதில் சேர்த்தி. அதன் அதிகபட்ச ஆழம் சுமார் 310 மீட்டர்.

சீடன்: அப்படியானால் முழங்கால் தண்ணீருக்கு?

குரு: 'பெ ப்ரொஃபோன்'. ஆழம் கொஞ்சம் என்று பொருள். ஆங்கிலம் ஒரு குணமாகப் பெயர் சூட்டியதைப் பிரெஞ்சு ஆழத்தின் குறைவாகச் சொல்கிறது. நாமும் 'ஆழமில்லாத' என்றுதானே சமாளிக்கிறோம்?

சீடன்: இல்லாததைச் சொல்லி இருப்பதைச் சுட்ட முடியுமா?

குரு: பின்வந்த வைசேடிகத் தத்துவவாதிகள் இன்மையை, அதாவது அபாவத்தை, உள்ளவற்றின் பட்டியலில் ஏழாவது பதார்த்தமாகவே சேர்த்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் நுழைந்தால் உன் கதை அச்சேறாது.

சீடன்: மனிதனைத் திட்டும்போதாவது இரு மொழியும் ஒன்றையே சொல்கின்றனவா?

குரு: திட்டு ஒன்றுதான், நின்று பார்க்கும் இடம் வேறு. 'ஷாலோ' என்றால் காலை விட்டதும் தரை தட்டுகிறது. இறங்க இடமே இல்லை. 'சுப்பெர்ஃபிஸியெல்' மேற்பரப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கீழே என்ன இருக்கிறதென்று அது சொல்வதில்லை. மேலேயே நின்றுவிட்டான் என்பதுதான் குற்றம். லேசான சிராய்ப்புக்கும் ஆழமில்லாத மூச்சுக்கும் பிரெஞ்சு மருத்துவர் இதே சொல்லை எழுதுகிறார். அங்கே வசை ஏது?

சீடன்: உருவகப் பொருள் நேர்ப்பொருளின் வழியேதானே போகவேண்டும்?

குரு: போகும், சில சமயம் எதிர்த்திசையில்! 'க்ரெ' என்றால் குழிவானது. சூப் ஊற்றும் குழித்தட்டு 'அஸியெத் க்ரெஸ்'. அதே சொல்லைப் பேச்சுக்குச் சொன்னால் உள்ளீடற்ற வெற்றுப் பேச்சு. தட்டில் ஆழம், பேச்சில் ஆழமின்மை. எனக்கு இந்தச் சொல்மீது தனிப் பிரியம்.

சீடன்: குளத்துக்கும் ஆளுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாதா?

குரு: 'ப்ளா' உண்டு, தட்டை என்று பொருள். அலையில்லாத கடல், வாயு ஏற்றாத குடிநீர், சுவையற்ற நடை எல்லாமே 'ப்ளா'தான். குளத்து நீரைப் போல் தட்டையான மனிதன். காதுக்கு நன்றாக இருக்கும்.

சீடன்: அந்தக் குளம் இரண்டு ஆள் ஆழம் இருந்தாலும் அது பொருந்திவிடுமே!

குரு: கதையில் ஆழத்துக்கு வேலை உண்டா?

சீடன்: உண்டு. அடுத்த அத்தியாயத்தில் துரத்துகிறவர்களிடமிருந்து அதை நடந்தே கடந்து தப்பிக்கிறான்.

குரு: அப்படியானால் 'ப்ளா'வை விடு. குளத்துக்கும் ஆளுக்கும் 'பெ ப்ரொஃபோன்' என்றே எழுது. மனிதனையும் அப்படிச் சொல்லலாம்.

சீடன்: திட்டு மழுங்கிவிடாதா? ஆசிரியர் மதிப்பெண் தாளில் எழுதிய குறிப்புப் போல இருக்கிறது.

குரு: மழுங்கும். வேறிடத்தில் ஈடுகட்டு. அவன் எங்காவது நீளமாகப் பேசுகிறானா?

சீடன்: மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு விருந்தில்.

குரு: அந்தப் பேச்சை 'க்ரெ' என்று எழுது.

சீடன்: மூலத்தில் வெறும் 'நீண்ட பேச்சு' என்றுதான் இருக்கிறது.

குரு: இருக்கட்டும், எழுது.